அம்மாவுக்கு சுருதி கொடுத்த அடாப்டர்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மாதிரி. ஓடுகிறவரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். (என்னையும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நான் நின்றதற்காக இல்லை. நிற்காமல் ஓடியதற்காக.)

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பெடல் வாங்க ஆசைப்படுகிற ஒருவருக்கும் அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்ற யோசனை வராது. பெடல் என்றால் காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற சின்ன இரும்புப் பெட்டி. மஞ்சள், நீலம், பச்சை என்று மிட்டாய் மாதிரி இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை கறுப்பாக, செங்கல் மாதிரி இருக்கும். அதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அதனால் நான் அதை வாங்கவில்லை. முட்டாள்தனம் செய்ய எனக்கு இதைவிடப் பெரிய காரணம் எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

அப்போது நான் நொய்டாவில் வேலை பார்த்தேன். மயூர் விஹாரில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஆபீஸில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாண்டு வைத்திருந்தோம். சர்தார்ஜி ஹர்ப்ரீத் டிரம்ஸ், விவேக் கீபோர்டு, நான் பேஸ். பாடுவதற்கு ஆள் கிடையாது. எங்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு எவரும் பாட முன்வரவில்லை.

என்னிடம் நான்கு பெடல்கள் இருந்தன. ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அதன் கதை இப்படி.

முதலில் பாட்டரி போட்டுப் பார்த்தேன். டிஜிட்டல் பெடல் அதைச் சாப்பாட்டுக்கு முன்பே தின்று தீர்த்தது. இணையத்தில் தேடினேன். அங்கே பேஸ் வாசிக்கிறவர்களைவிட பவர் சப்ளையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கரண்ட் கொடுக்கிற சப்ளை இல்லாவிட்டால் நீ மேடை ஏறவே லாயக்கில்லை என்றான் ஒருவன். ஒரே அடாப்டரிலிருந்து பூ தொடுக்கிற மாதிரி வரிசையாக வயரை இழுத்தால் போதும், நான் பல வருஷமாக அப்படித்தான் வாசிக்கிறேன் என்றான் இன்னொருவன். அவன் காது ஏற்கெனவே செத்துவிட்டது என்றான் முதலாமவன். பிறகு இருவரும் ஒருவர் அம்மாவை ஒருவர் இழுத்தார்கள். நான் மூடிவிட்டு எழுந்தேன்.

"என்ன தேடுத?" என்றார் அப்பா.

"ஒம்பது வோல்ட் அடாப்டர்ப்பா."

அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து மயூர் விஹாருக்கு வீடு மாறியபோது பாதிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர், இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் வந்தார். செத்துப்போன டெலிபோன், ஷேவிங் மிஷின், ரேடியோ எல்லாவற்றின் அடாப்டரும் அதில் இருந்தன. பொருள் போய்விட்டது, வால் மட்டும் மிச்சம்.

"இந்தா, மோடம் அடாப்டர். நல்ல சரக்கு."

"இது பன்னெண்டு வோல்ட்டுப்பா."

"கூட இருந்தா நல்லதுதான? ஓட்டைக்குள்ள பொருந்துதா? போதும், அவ்வளவுதாம்."

பொருந்தியது. ஐந்தாவது பெடல் ஒரு முறை பளிச்சென்று எரிந்து, கருவாடு சுட்ட வாசனையோடு கண்ணை மூடியது. அப்பா மூக்கை உறிஞ்சினார். "சீனா மாலு, மட்டச் சரக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை வோல்ட். பெடலில் செருகுகிற குச்சியின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா. எல்லாப் பெடலும் சேர்ந்து எவ்வளவு மில்லியாம்ப் இழுக்கும், அதைவிட அதிகமாகக் கொடுக்கிற சப்ளையா. பெரும்பாலான பெடலுக்கு ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ். முதல் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒரு பெடலைக் கொன்ற அனுபவம் இருந்ததால் வோல்ட், பிளஸ் மைனஸ் விஷயத்தில் எனக்குப் பயங்கரத் திமிர் வந்தது. மூன்றாவது விஷயத்தில் கூட்டல் கணக்கு இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

இப்போது அம்மா.

என் அம்மா சண்முகவடிவு ஒரு அமைச்சகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் பெயரை ஆபீஸில் ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. 'வாடிவூஜி' என்பார்கள். சின்ன வயதில் தென்காசிப் பக்கம் கோயில் ஓதுவாரிடம் பாட்டுக் கற்றவள். நல்ல குரல். டெல்லியில் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்து விழாக்களில் எல்லாம் பாடியிருக்கிறாள். எங்கே? மூன்றாவது வரிசையில், கூட்டத்தோடு. தனி மைக் சங்கச் செயலாளரின் மனைவிக்குச் சொந்தம். ரேஷன் கார்டில் ஏறிய பெயர் மாதிரி அதை யாரும் எடுக்க முடியாது.

அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். செயலாளர் ஒவ்வொரு வருஷமும் "அடுத்த தடவை பார்ப்போம்மா" என்பார். அவள் ஓய்வு பெறப்போகிற வருஷத்துப் பொங்கல் விழாவுக்கு அவரே போன் செய்தார்.

"உங்க பொண்ணு கிட்டார் வாசிக்குதாமே? தாயும் மகளும்னு ஒரு ஐட்டம் போட்டுடலாம்மா. யங் ஜெனரேஷன் வர்றதில்லைன்னு மேல குறை சொல்றாங்க."

அதாவது, பிறந்ததிலிருந்து பாடுகிறவளுக்கு, நேற்று கிட்டார் தூக்கிய மகளால் மேடை கிடைத்தது. எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. போனை வைத்துவிட்டு, மாவுக் கையோடு சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தென்காசி, திருநெல்வேலி, சென்னை என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போயிற்று. என் அத்தைக்கு மட்டும் மறந்துபோய் இரண்டு முறை.

ஒரு முருகன் பாட்டு. முதலில் விருத்தம், தாளம் இல்லாமல். நான் பேஸில் ஆதார ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவள் அதன்மேல் பாடுவாள். விருத்தம் முடிந்ததும் கீபோர்டும் டிரம்ஸும் சேரும். அம்மாவின் சுருதி ஐந்து கட்டை, எங்கள் கணக்கில் ஜி. அழகான திட்டம். நானே போட்டது.

அப்போதும் என்னிடம் பவர் சப்ளை இல்லை. வீட்டில் கண்ணில் பட்டது அம்மாவின் சுருதிப் பெட்டி. தம்பூரா மாதிரி ரீங்காரம் போடுகிற எலெக்ட்ரானிக் பெட்டி. அதன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ். தேங்காய் கனம் இருந்தது. கனமாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். (இதே மூளையோடுதான் பொறியியல் படித்தேன்.)

"அம்மா, இத எடுத்துக்கவா? உன் பெட்டி அப்புறம் வேலை செய்யாது."

"எடுத்துக்கோட்டி. நீ பக்கத்துல நிக்கையில எனக்குப் பெட்டி எதுக்கு? ஏட்டி கோமு, சுருதிய மட்டும் விட்டுராத. மத்தத நாம் பாத்துக்கிடுதேன்."

நான்கு பெடலுக்கும் அந்த ஒரே அடாப்டரிலிருந்து பூ தொடுத்தேன். வீட்டில் பால் டம்ளர் அகலத்தில் ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆகா, எவ்வளவு சுத்தம் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் கீழ்ச் சத்தம், அடித்தொண்டைச் சத்தம் எதுவுமே வராது என்பது எனக்குத் தெரியும். தெரியும்! அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

பொங்கல் விழா காலையில். ஜனவரி மாதத்து டெல்லி. பனிமூட்டத்தில் சிறப்பு விருந்தினர் எங்கேயோ மாட்டிக்கொண்டார். வந்து சேர்ந்ததும் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசினார், பாதி ஆங்கிலத்தில், மீதி இந்தியில். ஒலிச் சோதனைக்கு வைத்திருந்த நேரம் அதில் போயிற்று. எங்கள் முறை வந்தபோது பின்பக்கம் பந்தி திறந்துவிட்டார்கள். நெய் வாசனை அரங்கத்துக்குள் வந்தது. மைக் செட்காரர் என் வயரைச் செருகினார், எல்லாக் குமிழையும் மேலே தள்ளினார், "ஹோ கயா, மேடம்" என்று வேலையை முடித்தார், தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்.

மேடையின் இரண்டு பக்கமும் பீரோ அளவு ஸ்பீக்கர்கள். அம்மா அரக்கு நிறப் பட்டுப் புடவையில் மைக் முன்னால் நின்றாள். முதல் வரிசையில் செயலாளர், அவர் மனைவி, பக்கத்தில் அப்பா.

நான் ஜி-யை ஒரு முறை மீட்டினேன்.

அரங்கம் முழுக்க நிறைந்தது. கையை எடுத்தேன். நிறைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் ஒலிக்கிறதே, என் கிட்டார் இவ்வளவு நல்ல கிட்டாரா என்று மலைத்துப் போனேன்.

அது என் கிட்டார் இல்லை. நான்கு பெடலின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்தத் தேங்காய் அடாப்டர் அடித்தொண்டையில் போட்ட முனகல். சுவரிலிருந்து வருகிற கரண்டை அது ஒழுங்காக வடிகட்டவில்லை, இரைச்சலோடு அப்படியே பெடலுக்குள் ஊற்றியது. அதில் ஒரு பெடல் கம்ப்ரெஸர். சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை. என் ஸ்வரம் தேயத் தேய அது இரைச்சலைத் தூக்கிக் கொடுத்தது. இந்தியாவில் வடிகட்டாத கரண்ட் எந்த சுருதியில் முனகும் தெரியுமா? ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். எந்தப் பெட்டியிலும் இல்லாத இடத்தில். என் ஜி அடங்கியது, அது நின்றது.

அம்மா கண்ணை மூடினாள். சுருதியைக் காதால் தேடினாள். கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள்.

விருத்தம் பாடினாள் பாருங்கள். அப்படி அவள் பாடி நான் கேட்டதில்லை. கரண்டோடு இம்மி பிசகாமல் சேர்ந்தாள். பந்தி வரிசையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளரின் மனைவி முகம் மட்டும் சுருங்கியது. மேடையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நேரம் அது. அதில் நான் வாசிக்கவே இல்லை.

விருத்தம் முடிந்தது. ஹர்ப்ரீத் குச்சியைத் தட்டினான். விவேக் கீபோர்டில் கையை வைத்தான்.

ஐயோ.

கீபோர்டு சரியான ஜி-யில் இருந்தது. அம்மா அதைவிட ஒரு பிடி மேலே இருந்தாள். ஒரே பாட்டை இரண்டு வீட்டு டிவியில் ஒரே நேரத்தில் கேட்ட மாதிரி இருந்தது. நான் அவசரமாக பேஸில் சேர்ந்தேன். என் ஜி-யும் அடாப்டரின் முனகலும் முட்டிக்கொண்டு 'வொவ்வொவ்வொவ்' என்று அடித்தன. முன் வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்தியது.

"பாஜி, சுர் தேக்கோ!" என்று விவேக் என்னைப் பார்த்துக் கத்தினான். (சுருதியைப் பார் அண்ணே என்கிறான். நான் அண்ணன் இல்லை. பதற்றத்தில் அவனுக்கு ஆண் பெண் தெரியவில்லை.)

"மேராவா? தேரா, உன்னோடதுதான்டா!" என்று நானும் கத்தினேன்.

அப்போதுதான் கையை எடுத்தால் என்ன ஆகிறது என்று கவனித்தேன். இரைச்சல் நின்றபாடில்லை. விஷயம் புரிந்தது. குனிந்து அடாப்டரின் வயரைப் பிடுங்கினேன்.

பெடல்கள் செத்தன. அரங்கத்திலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கிய மாதிரி அமைதி. அம்மா நடு வரியில் நின்றுவிட்டாள், கீபோர்டும் டிரம்ஸும் நின்றன. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். படியில் இறங்கும்போது ஒரு படி காணாமல் போனவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. மைக் திறந்திருந்தது.

"ஏட்டி, சுருதிய ஏன் நிறுத்தின?"

எல்லோருக்கும் கேட்டது. செயலாளரின் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெடலை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, "அம்மா, கீபோர்டைக் கேள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். நான் வயரைத் திரும்பச் செருகினேன். அவள் அப்படிப் பார்த்தபோது என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

இரைச்சல் வந்தது. அம்மாவின் முகம் தெளிந்தது. விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். விவேக் கொஞ்ச நேரம் கட்டையை மாற்றி மாற்றிப் பார்த்தான், ஒன்று கீழே போயிற்று, ஒன்று மேலே போயிற்று, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் நரம்பைத் தொடவே இல்லை. ஹர்ப்ரீத் மட்டும் தலையைக் குனிந்து தாளம் போட்டான். கடைசிச் சரணத்தை என் அம்மாவும், டெல்லிக் கரண்டும், ஒரு சர்தார்ஜியும் சேர்ந்து முருகனுக்குச் சமர்ப்பித்தார்கள்.

கைத்தட்டல் வந்தது. பாட்டுக்கா, முடிந்ததற்கா என்று எனக்குத் தெரியாது. செயலாளர் மைக்கைப் பிடித்தார். "தாயும் மகளும் தனித்தனியா நல்லாப் பண்ணினாங்க" என்றார்.

இத்தோடு போயிருந்தால்கூட நான் இதை எழுத மாட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் போனில் படம் பிடித்துச் சங்கத்து வாட்ஸாப் குழுவில் போட்டான்.

போன் ஸ்பீக்கரில் கீழ்ச் சத்தம் வராது. என் குட்டி ஆம்ப்ளிஃபயரில் வராத மாதிரியே. அந்த வீடியோவில் அடாப்டரின் இரைச்சல் துளிகூடக் கேட்கவில்லை. கீபோர்டு கேட்கிறது, சரியாக. டிரம்ஸ் கேட்கிறது, சரியாக. நடுவில் ஒரு பெண்மணி சுருதி விலகி, கண்ணை மூடிக்கொண்டு, முழு நம்பிக்கையோடு பாடுகிறாள். குற்றவாளி தப்பித்துவிட்டான். சாட்சியே இல்லை. வீடியோ தென்காசிக்குப் போயிற்று. திருநெல்வேலிக்குப் போயிற்று. அத்தை போன் செய்தாள்.

"மைனிக்குக் காது கொஞ்சம் மந்தமாயிட்டோ? வயசாகுதுல்லா" என்றாள், தன் அண்ணியான என் அம்மாவைப் பற்றி.

அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தாள். நான் எதிரில் நின்று விளக்கினேன். அடாப்டர், மில்லியாம்ப், கம்ப்ரெஸர், எல்லாவற்றையும். அந்தக் கூட்டல் கணக்கையும் இப்போது போட்டுக் காட்டினேன். இழுக்கிறது கொடுக்கிறதைவிட இரண்டு மடங்குக்கு மேலே. அவள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். எனக்கு அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழையது. 'உம்ம்ம்' என்று சுவர் அதிரும். அம்மா தலையைத் தூக்கினாள். எழுந்து போய் அதன் கதவில் காதை வைத்தாள். விருத்தத்தின் முதல் வரியைப் பாடினாள். அச்சு அசல், அன்றைக்குப் பாடிய அதே இடம், அதே கரண்டின் முனகல். ஒட்டிக்கொண்டது.

"கேட்டியா?" என்றாள். "நாம் சுருதியோடதாம் பாடினேன்."

"ஆமாம்மா."

"ஒங்க அத்தைக்குச் சொல்லு."

சொன்னேன். ஃபிரிட்ஜ், கரண்ட், சுருதி என்று அத்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அத்தை சிரித்த சிரிப்பில் எங்கள் வம்சத்துக்கே ஒரு கதை கிடைத்துவிட்டது. இப்போது ஊருக்குப் போனால் எந்த வீட்டிலும் "வடிவு மைனி வந்தாச்சு, ஃபிரிட்ஜப் போடு" என்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்த மேடையையும் கேட்கவில்லை. செயலாளரும் கொடுக்கவில்லை. அவர் மனைவி இன்னும் பாடுகிறார். அதற்கு எந்த அடாப்டரும் குறுக்கே வருவதில்லை.

நான் பிறகு நல்ல பவர் சப்ளை வாங்கினேன். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி வழி, தேவையைவிட அதிகமான மில்லியாம்ப், பொட்டுச் சத்தம் கிடையாது. அம்மாவைக் கூப்பிட்டுப் பெரிய ஸ்பீக்கரில் காட்டினேன். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டாள். "ஒண்ணுமே கேக்கலியே" என்றாள். "அதுக்குத்தாம்மா வாங்கினது" என்றேன். "இதத் தை மாசத்துக்கு முந்தி வாங்கியிருக்கலாம்லாட்டி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். என்னை அவள் திட்டியது அவ்வளவுதான்.

போன வருஷம் ஃபிரிட்ஜ் ஐஸ் பிடிக்காமல் தகராறு செய்தது. லக்ஷ்மி நகரில் ஒரு கடைக்கு மூவரும் போனோம். விற்பனைப் பையன் ஆளுயர ஃபிரிட்ஜ் ஒன்றின் முன்னால் நிறுத்தினான். "ஆண்ட்டிஜி, பில்குல் சைலண்ட். ஆவாஸ் ஹி நஹி ஆயேகி." சத்தமே வராதாம்.

அம்மா அதன் கதவில் காதை வைத்தாள். மெல்ல 'ஸா' என்று இழுத்துப் பார்த்தாள். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஃபிரிட்ஜுக்குப் போனாள். அங்கேயும் காது, அங்கேயும் 'ஸா'. வரிசை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதுல ஒண்ணுலயும் சுருதி இல்ல. வேண்டாம்."

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அப்பா அவன் தோளில் தட்டி, "தேக்கோ பேட்டா, மேடம் சிங்கர் ஹை" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார்.

பழைய ஃபிரிட்ஜையே சரிபார்த்து வைத்திருக்கிறோம். தண்ணீர் ஒழுகுகிறது, தயிர் இரண்டே நாளில் புளிக்கிறது. சாயங்காலம் அது உறுமத் தொடங்கியதும் சமையலறையில் அம்மா ஆரம்பிக்கிறாள். நான் என் அறையில் பேஸை மடியில் வைத்துக்கொண்டு, நரம்பைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.